இரண்டரை பவுண்டு

ஆகஸ்ட் 19

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இன்று என் பஸ்ஸைக் கழுவினேன். போன வருஷத்துச் சூயிங்கம் எல்லாம் சீட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. சுரண்டிச் சுரண்டி மணிக்கட்டு விட்டுப்போயிற்று.

வீட்டுக்கு வந்தால் க்ளென் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தான். சாப்பிட வா என்று மூன்று தடவை கத்தினேன். ம்ஹூம். முப்பது வருஷம் மோட்டார் ரம்பத்தோடு காட்டில் மரம் அறுத்தவனுக்கு இரண்டு காதும் பேருக்குத்தான். கடைசியில் ஒரு சுள்ளியை எடுத்து முதுகில் எறிந்தேன். "கூப்பிட்டியா?" என்கிறான், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எத்தனை சுள்ளி!

சாப்பிடும்போது சுவரில் மாட்டியிருக்கும் அவன் அப்பாவின் துப்பாக்கி கண்ணில் பட்டது. உடனே போன நவம்பர் ஞாபகம்.

எங்கள் கேம்ப்பில் ஒரு வழக்கம் உண்டு. கேம்ப் என்றால் க்ளெனின் தாத்தா காட்டுக்குள் கட்டிய இரண்டு அறை மர வீடு. மானைச் சுட்டுத் தவறவிட்டு வருகிறவனின் சட்டையைப் பின்பக்கம் தொங்கும் இடத்தில் கத்திரிக்கோலால் வெட்டி, தேதி எழுதி, அடுப்புக்கு மேலே சுவரில் ஆணி அடித்துவிடுவார்கள். சட்டைவால் என்று பேர். க்ளெனுடையது இரண்டு தொங்குகிறது, அடுத்தடுத்த இரண்டு வருஷத்தில். போன தடவை வெட்டும்போது அவன் பெரியப்பா மகன் ரே சொன்னான்: "இன்னும் ஒண்ணு குடுத்தேன்னா ஜன்னலுக்குத் திரை தைச்சிரலாம்டா." எல்லோரும் சிரித்தோம். க்ளெனும் சிரித்தான். வீடு திரும்பும் வழி முழுக்க வாயைத் திறக்கவில்லை.

அவன் குறியில் ஒரு குறையும் இல்லை. குறை துப்பாக்கியின் விசையில், அந்த டிரிகரில்தான். அது எனக்குத் தெரியும். அந்தத் துப்பாக்கியை நான் ஒரு தடவை சுட்டுப் பார்த்திருக்கிறேன். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கிறது, சரளைக் கல்லில் பனிச்சறுக்கு வண்டியை இழுப்பது போல. அது சுடுவதற்குள் மானுக்கு வயதாகிவிடும்.

அக்டோபரில் அவனுக்கு அறுபது. என்ன பரிசு என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26

லெராயின் துப்பாக்கிப் பட்டறைக்குப் போனேன். துப்பாக்கியைத் துரு எடுக்கக் கொடுக்கிறேன் என்று க்ளெனிடம் பொய் சொல்லிவிட்டு. வெளியில் வாங்கிப் பொருத்தும் விசைகளை லெராய் ஒரு பலகையில் வரிசையாகப் பதித்து வைத்திருக்கிறான், யார் வேண்டுமானாலும் இழுத்துப் பார்க்கலாம். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக இழுத்தேன். லெராய்க்குச் சிரிப்பு. "ஒயின் குடிச்சுப் பாக்கற மாதிரி பண்றியே!"

முதலாவது வெறும் ஸ்பிரிங். பழைய விசையின் வயிற்றுக்குள் புது ஸ்பிரிங் போடுவது. மலிவு. இழுக்க வேண்டிய எடை குறையும், கரகரப்பு அப்படியே இருக்கும். கிழிந்த மெத்தைக்குப் புது உறை போட்டதுபோல்தான்.

கடைசியில் இருந்தது அழகி. பளபளவென்று தங்க நிறம். தொட்டால் போதும். விலையைக் கேட்டேன். பஸ்ஸுக்கு ஒரு டயர் வாங்கலாம். அந்தப் பணத்தில் பாதி பெட்டிக்கும் பேருக்கும் போகிறது என்று லெராயே ஒப்புக்கொண்டான்.

நடுவில் இருந்ததுதான் சரக்கு. முழுக்க எஃகு. எடையை ஒரு திருகாணியால் கூட்டலாம், குறைக்கலாம். தானாக விழுந்து சுட்டுவிடுமோ என்று கேட்டேன். லெராய் ரப்பர் சுத்தியலால் பலகையை நாலு பக்கமும் மொத்திக் காட்டினான். அசையவில்லை. இழுத்தால் இழுவையே கிடையாது. கூரையில் தொங்கும் பனிக்கட்டி ஊசியை ஒடித்த மாதிரி பட்டென்று முடிகிறது. கொடுக்கிற காசுக்கு இதைவிட நல்ல பொருள் எங்கேயும் கிடைக்காது.

அதே கம்பெனியில் இன்னொன்றும் காட்டினான். அதில் விசை முதலில் கொஞ்ச தூரம் சும்மா வருகிறது, பிறகு சுவர் மாதிரி ஒன்று தட்டுகிறது, அதையும் தாண்டி அழுத்தினால்தான் சுடும். "ஒரு வாசலுக்கு எதுக்குய்யா ரெண்டு கதவு?" என்று கேட்டுத் தள்ளிவிட்டு, நடுவில் இருந்ததையே மாட்டச் சொன்னேன்.

"எவ்வளவு எடை வெக்கட்டும்?"

"ரெண்டரை பவுண்டு. என்னுது மாதிரியே."

"மேசைல வெச்சுச் சுடறதுக்கு ரெண்டரை சரி. நவம்பர்ல காட்டுக்குள்ள போறவங்க முக்கால்வாசி பேரு நாலு கேக்கறாங்க. க்ளென ஒரு எட்டு வரச் சொல்லேன், விரல வெச்சுப் பாக்கட்டும்."

"பிறந்த நாள் பரிசுய்யா. அவனையே கூட்டிட்டு வந்து காட்டிட்டா அப்புறம் என்ன பரிசு?"

"பழசை என்ன பண்ண?"

"குப்பைல போடு. அதுக்கு ஒரு கும்பிடு."

செப்டம்பர் 4

பள்ளி திறந்துவிட்டது. முதல் நாளே ஒருத்தன் பஸ்ஸில் வாந்தி. வாழ்க.

அக்டோபர் 6

க்ளெனின் பிறந்த நாள். ஏலக்காய் ரொட்டி சுட்டேன். துப்பாக்கியைக் கொடுத்து, "இழுத்துப் பாரு" என்றேன். காலியாக ஒரு தடவை இழுத்தான். டிக். இன்னொரு தடவை. டிக். விசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேச்சே வரலையா?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா இருக்கு, மார்லிஸ்." பிறகு, "பழசு எங்க?"

"லெராய் குப்பைல போட்டிருப்பான்."

"சரி," என்றான்.

மத்தியானம் மணல் குழிக்குப் போய்ச் சுட்டோம். இந்த மாசத்தில் இப்படி ஒரு வெயிலா! ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். ஐந்து குண்டு, ஐந்தும் ஒரு காபிக் கோப்பைக்குள் அடங்கும். நான் துள்ளிக் குதித்தேன். அவனும் என்னைக் கட்டிக்கொண்டான். இந்த வருஷம் ரே கத்திரிக்கோலை டப்பாவிலேயே வைத்துப் பூட்டலாம்.

அக்டோபர் 27

முதல் உறைபனி. காலையில் கொட்டகைக்குள் இருந்து டிக், டிக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் க்ளென் குளிரில் உட்கார்ந்து காலித் துப்பாக்கியை இழுத்து இழுத்துப் பார்க்கிறான். புது பொம்மை கிடைத்த பையன்! கதவை மூடிவிட்டு வந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

நவம்பர் 3

இன்றும் டிக் டிக். வெளியே வரும்போது வலது கையை அக்குளில் சொருகிக்கொண்டு வந்தான். "யாரைக் கட்டிப்பிடிச்சுட்டு வர்றே?" என்று கேட்டேன். "யாரும் கிடைக்கல, என்னையே," என்றான்.

நவம்பர் 15

வேட்டை தொடங்கிய நாள். ஊரில் பள்ளிக்கூடம் லீவு, தபால்காரர்கூட லீவு. சுப்பீரியர் ஏரியிலிருந்து வருகிற காற்று மூக்கைக் கழற்றிக்கொண்டு போகிறது.

மானுக்காகக் காத்திருக்கும் என் பரண் ஓடைக்குத் தெற்கே. க்ளெனுடையது வடக்கே. நான் தெற்கு நோக்கி மட்டும் சுடுவேன், அவன் வடக்கு நோக்கி மட்டும். இருபது வருஷமாக அதுதான் ஒழுங்கு. விடிந்து கொஞ்ச நேரத்தில் அவன் பக்கம் ஒரு வெடி. நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். அதே நொடியில் என் பக்கத்துப் பிர்ச் மரத்திலிருந்து பனி பொலபொலவென்று கொட்டிக் காபி எல்லாம் பாழ். அணிலைத் திட்டினேன்.

ஒரே வெடி. ஒரே வெடி என்றால் மான் விழுந்தது என்று அர்த்தம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கேம்ப்புக்கு வந்தால் க்ளென் வெறுங்கையோடு அடுப்பருகே உட்கார்ந்திருக்கிறான். கொம்புமான் வந்ததாம், தவறிவிட்டதாம். அவ்வளவுதான் சொன்னான். ரே கத்திரிக்கோலை எடுத்து வந்து என்னிடம் நீட்டினான். "இந்த வருஷம் நீயே வெட்டு. காசு போட்டவ நீதானே!"

எனக்கும் கோபம்தான். அதைக் கேலியாக ஆக்கிக்கொண்டேன். "இவ்வளவு நல்ல டிரிகர வெச்சுக்கிட்டும் தவற விட்டியா? இதுக்கு மேல மானையே பிடிச்சுக் கட்டி வெக்கணுமா? திரும்பி நில்லு." அவன் எழுந்து திரும்பி நின்றான். போன கிறிஸ்துமஸுக்கு நான் வாங்கிக்கொடுத்த சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. நன்றாகத் தாராளமாகவே வெட்டினேன். சமையல்காரர் வைனோ தாத்தாகூட கரண்டியால் தட்டித் தாளம் போட்டார். கண் மங்கித் துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகு பல வருஷமாக அவர்தான் அடுப்பைப் பார்க்கிறார். கையோ கண்ணோ போனவன் அடுப்புக்கு என்பது இந்தக் கேம்ப்பின் இன்னொரு வழக்கம்.

க்ளென் சாப்பிடவில்லை. நாளைக்கு வேட்டைக்கு வரவில்லை என்கிறான். சுணக்கம். சரியாகிவிடும்.

நவம்பர் 16

பரணில் விட்டுவந்த மெத்தையை எடுக்கப் போனேன்.

பிர்ச் மரத்தில் ஓட்டை.

அணில் இல்லை. அணில் இல்லை. பட்டை பிய்ந்து, உள்ளே மரம் வெள்ளையாக, புதுசாகத் தெரிகிறது. குண்டு ஓடைப் பக்கத்திலிருந்து வந்து நுழைந்திருக்கிறது. நான் உட்கார்ந்தால் என் தலை இருக்கும் உயரம். மரத்துக்கும் என் பரணுக்கும் நடுவில் ஒரு துணிக்கொடி கட்டலாம், அவ்வளவுதான் தூரம்.

அவன் தெற்கே சுட்டிருக்கிறான். க்ளென். யாராவது துப்பாக்கி முனையைக் கொஞ்சம் திருப்பினாலே எழுந்து போய்விடுகிற க்ளென்.

அவனுக்குத் தெரியும். நேற்று அங்கே திரும்பி நிற்கும்போதே தெரியும். நான் கத்திரிக்கோலால் —

முகத்தைப் பார்க்கவே இல்லையே நான். முதுகைத்தானே பார்த்தேன்.

நவம்பர் 17

வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்று எழுத முடியவில்லை.

நவம்பர் 18

நீராவிக் குளியலுக்குச் சவுனாவை மூட்டினேன். இரண்டு பேரும் உள்ளே போனோம். கல்லில் தண்ணீர் ஊற்றிவிட்டு, மரத்தைப் பார்த்தேன் என்று சொன்னேன். உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட ஒன்றைக் கத்திச் சொல்ல நேர்ந்ததே.

அவன் வலது கையை நீட்டினான். சூட்டில் எல்லா விரலும் சிவந்திருந்தது. "இப்ப நல்லாத்தான் இருக்கும். வெளிய குளிர்ல வெச்சா இந்த ரெண்டு விரலும் மெழுகுவத்தி மாதிரி வெளுத்துரும். ஊசி வெச்சுக் குத்தினாலும் தெரியாது."

இடது கை அப்படி என்பது எனக்குத் தெரியும். ரம்பம் பிடித்தவர்கள் எல்லோருக்கும் வருவதுதான், வெள்ளை விரல் என்பார்கள். வலது?

"நாலு வருஷமா," என்றான்.

மான் ஓடைப் பக்கமிருந்து வந்ததாம். அது அவனைத் தாண்டி வடக்கே போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று குறியை அதன் பின்னாலேயே நகர்த்திக்கொண்டிருந்தானாம். "சுட நெனைக்கவே இல்ல. விரல் டிரிகர விட்டு வெளியதான் இருக்குன்னு நெனச்சேன். சத்தியமா வெளிய இருக்குன்னுதான் நெனச்சேன் மார்லிஸ். வெடிச்ச பெறகு குனிஞ்சு பாத்தா விரல் டிரிகர் மேல இருக்கு. யாரோட விரலோ மாதிரி இருக்கு."

வெடி வெடித்ததும் பரணிலிருந்து குதித்து ஓடைவரைக்கும் ஓடி வந்திருக்கிறான். நான் கோப்பையை உதறிக்கொண்டு அணிலைத் திட்டுவதைப் பார்த்திருக்கிறான். அங்கேயே பனியில் உட்கார்ந்துவிட்டானாம். நான் அவனைப் பார்க்கவில்லை.

அப்போது பழைய விசையில் மட்டும் எப்படி? கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அது கரகரன்னு வரும்ல? விரலுக்குத் தெரியாட்டியும் மணிக்கட்டுக்குத் தெரியும், முழங்கைக்குத் தெரியும். ரெண்டு எடத்துல தடுக்கும். ரெண்டாவது தடுக்குச்சுன்னா அடுத்தது வெடி. அத வெச்சுத்தான் ஓட்டிட்டிருந்தேன். குளிர் ஜாஸ்தியானா லேட்டாத் தெரியும், மான் போயிரும். போனாப் போகுது. தவறினாலும் குண்டு நான் நெனச்ச பக்கம்தான் போச்சு."

கரகரப்பு! நான் குப்பையில் போடச் சொன்னது அதைத்தான்.

"கொட்டகைல டிக் டிக்னு?"

"புதுசு பழகுமான்னு பாத்தேன். பழகல."

"ஏன்யா சொல்லல? ஒரு வார்த்த! பரிசு குடுத்த அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. சொன்னா அடுப்புக்கு அனுப்பிருவீங்க."

"நானா?"

"நீதான் முதல்ல."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது உண்மை. அனுப்பியிருப்பேன். அன்றைக்கே ஏப்ரன் தைத்துக் கொடுத்திருப்பேன்.

நவம்பர் 22

நன்றி நாள். ரே குடும்பத்தோடு வான்கோழி சாப்பிட்டோம். யாருக்கும் ஒன்றும் தெரியாது. ரே, "திரைத்துணி ரெடி, தையல்காரிதான் வேணும்," என்றான். எனக்குத் தட்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. க்ளென் என் முழங்காலை மேசைக்கு அடியில் அழுத்திப் பிடித்தான். இடது கையால்.

டிசம்பர் 1

ஓயாமல் ஒன்றே மனசில் ஓடுகிறது. நான் எதில் தவறினேன்? பொருளில் இல்லை. பொருள் முதல் தரம். விலையிலும் இல்லை. மேசை மேல் வைத்துப் பார்த்தால் நான் எடுத்ததைவிட நல்லது எவனும் எடுத்திருக்க முடியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு என் விரலை வைத்து இழுத்துப் பார்த்தேன். என் விரலை. லெராய் சொன்னானே, அவனை ஒரு எட்டு வரச் சொல் என்று! நாலு பவுண்டு என்றும் சொன்னானே. என்னுது மாதிரியே வை என்றேன். அவன் என்னைவிடக் குறைந்தவன் இல்லை என்று ரேக்குக் காட்ட வேண்டும் எனக்கு. க்ளென் அப்படிக் கேட்டானா?

அந்த இரண்டு கதவு விசையாவது... தெரியவில்லை. அது தட்டுவது மணிக்கட்டுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. எடுத்து வந்து கேட்டிருக்கலாம்.

டிசம்பர் 8

லெராய்க்கு போன் செய்தேன். பழைய இரும்பெல்லாம் அக்டோபரிலேயே வண்டியில் போய்விட்டதாம். எனக்கு ஒரு விசை வேண்டும் என்றேன். கனமானது. இழுவை உள்ளது. கரகரவென்று இரண்டு இடத்தில் தடுக்கிற மாதிரி.

எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வைத்தான். பிறகு, "மார்லிஸ், மோசமான டிரிகர் வேணும்னு கேட்டு இதுவரைக்கும் யாரும் எனக்கு போன் பண்ணினதில்ல," என்றான்.

காரணத்தைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் க்ளென்.

பிப்ரவரி 2

பக்கத்து ஊர் மன்றத்தில் பழைய துப்பாக்கிச் சந்தை. மேசை மேசையாகப் போய் இழுத்துப் பார்த்தேன். ஒரு வியாபாரி பதறிப்போய், "அத விட்டுருங்க மேடம், அது சுத்த மோசம், இந்தாங்க நல்லது," என்று வேறொன்றை நீட்டினான். "எவ்வளவு மோசம்?" என்று ஆவலாகக் கேட்டேன். அவன் என்னையும் பார்த்தான், பக்கத்து மேசைக்காரனையும் பார்த்தான். வெளியே வந்து காரில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே வேறாகிவிட்டது.

அது மோசமும் பத்தவில்லை. ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

மார்ச் 16

லெராய் கூப்பிட்டான். உடைந்த துப்பாக்கி ஒன்று வந்திருக்கிறதாம், க்ளென் அப்பாவுடையது போலவே, அதே விசை. எடுத்து மாட்டிக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. "எதுக்குன்னு நான் கேக்கல," என்றான்.

ஏப்ரல் 5

இன்னும் பனி கிடக்கிறது. வேண்டுமென்றே அதிகாலைக் குளிரில் அவனை வெளியே கூட்டிப்போனேன். கையுறையைக் கழற்றச் சொன்னேன். விரல் வெளுக்கும்வரை இருவரும் காத்திருந்தோம். இப்போது பக்கத்திலிருந்து பார்த்தேன். நகத்திலிருந்து இரண்டாம் கணுவரைக்கும் ரத்தமே இல்லை. நான் என் விரலால் தொட்டேன். "தெரியுதா?" "நீ தொடறதப் பாக்கறேன். அதனால தெரியுது."

காலித் துப்பாக்கியை இழுத்தான். தலையைச் சாய்த்துக்கொண்டு மறுபடி இழுத்தான்.

"நல்லாத்தான் இருக்கு."

அந்த நல்லா எனக்குத் தெரியும். பிறந்த நாளன்று சொன்ன அதே நல்லா. "உள்ளதச் சொல்லு," என்றேன். "கெஞ்சிக் கேக்கறேன், உள்ளதச் சொல்லு."

"ஒரு எடத்துலதான் தடுக்குது. அதுவும் வேற எடத்துல." துப்பாக்கியை என்னிடம் கொடுத்தான். "அப்பா நாப்பது வருஷம் இழுத்துத் தேய்ச்சது அது. அதே மாதிரி எங்க போய் வாங்குவே? போதும் மார்லிஸ்."

"இன்னொண்ணு பாக்கறேன். லெராய்ட்ட சொல்லி..."

"போதும். ஒரு தடவ மரத்துல பட்டுது. அது போதும்."

உன் மேல் தப்பில்லை, நீ கேட்டிருந்தாலும் நான் பொய்தான் சொல்லியிருப்பேன் என்றும் சொன்னான். இருக்கலாம். சொல்லியிருப்பான். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்ல ஒரு வாய்ப்பாவது அவனுக்குக் கொடுத்திருக்கலாமே நான். ஒருவேளை பாதி சொல்லும்போது நிறுத்தியிருப்பான். ஒருவேளை நாலு பவுண்டு என்றாவது சொல்லியிருப்பான். போ.

ஜூன் 20

பள்ளி முடிந்தது. என் துப்பாக்கியையும் லெராயிடம் கொடுத்து எடையை நாலுக்கு ஏற்றிக்கொண்டேன்.

செப்டம்பர் 14

வைனோ தாத்தாவை அவர் மகள் தன்னோடு க்ரீன் பே நகரத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். ரே எங்கள் வீட்டுக்கு வந்து, இந்த வருஷம் யார் சமைப்பது என்று புலம்பினான்.

"அடுப்பு நான் பாத்துக்கறேன்," என்றான் க்ளென்.

ரே வாயைத் திறந்தான். நிச்சயம் ஏதோ கிண்டல்தான் வந்திருக்கும். க்ளென் வலது கையை மேசை மேல் வைத்து, மரத்தைப் பற்றிச் சொன்னான். முழுவதும் சொன்னான். என் விசையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. கை மரத்துப்போச்சு, வெடிச்சிருச்சு, அவ்வளவுதான்.

எதற்கும் ஜோக் அடிக்கிற ரே தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். போகும்போது வாசலில் நின்று, "அந்தத் துணிய எல்லாம் கழட்டிரட்டுமா?" என்று கேட்டான்.

"இருக்கட்டும்," என்றான் க்ளென். "நியாயமா தவறினதுதான்."

ரே போன பிறகு நான் கேட்டேன், டிரிகர் பற்றி ஏன் சொல்லவில்லை என்று. "எனக்குக் காது கேக்கல," என்றான். நன்றாகக் கேட்டது அவனுக்கு.

நவம்பர் 10

கேம்ப்புக்குச் சாமான் வாங்கினோம். அடுப்புக்குக் கையுறை வாங்க வேண்டும், அவனுக்குச் சூடு தெரியாது. எதை எடுக்கலாம் என்று கடையில் அவனைக் கேட்டேன். மூன்றையும் மாட்டிப் பார்க்கச் சொன்னேன். "எதானாலும் சரி," என்றான். நீதான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது. கடைசியில் நீலத்தைக் காட்டினான். அவனுக்கு நீலம் பிடித்தா, இல்லை என்னைச் சமாதானப்படுத்தவா, தெரியவில்லை.

நவம்பர் 15

காலையில் கிளம்பும்போது க்ளென் எழுந்து காபி போட்டுக் கொடுத்தான். தலைக்கு மேலே அவன் துணி மூன்று. நான் வெட்டியதுதான் எல்லாவற்றிலும் பெரிது. ரே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். க்ளென் எங்கள் இருவரையும் வழியனுப்பினான், இத்தனை வருஷம் கூடவே நடந்து வந்தவன். நீலக் கையுறையோடு கையை ஆட்டினான்.

என் பரண். பிர்ச் மரத்தில் ஓட்டையின் விளிம்பு கறுத்துவிட்டது.

விடிந்து கொஞ்ச நேரத்தில் கொம்புமான் ஒன்று தெற்கே வந்து நின்றது. பக்கவாட்டில், அசையாமல். பின்னால் வெறும் மேடு, எந்தப் பயமும் இல்லை. குறி வைத்தேன். விரல் விசைமேல் இருப்பது எனக்கு எவ்வளவு நன்றாகத் தெரிகிறது! ஒவ்வொரு கோடும் தெரிகிறது. இந்த ஒன்று அவனுக்கு இல்லையே என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. விரலை எடுத்துவிட்டேன். மான் மெதுவாகப் புதருக்குள் போயிற்று.

கேம்ப்புக்குத் திரும்பினேன். ரேயும் வந்திருந்தான். க்ளென் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தான். இறைச்சிப் பணியாரம் ஒரு பக்கம் கருகியிருந்தது.

"கொம்புமான் வந்துச்சு," என்றேன். "தவறிருச்சு."

"எப்ப?" என்றான் ரே. "உன் பக்கம் வெடிச் சத்தமே கேக்கலையே?"

நான் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்தேன். என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

"எனக்குக் கேட்டுச்சு," என்றான் க்ளென், திரும்பாமலே.

"உனக்கா!" ரே சிரிக்க ஆரம்பித்தான். பிறகு அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். டப்பாவைத் திறந்து கத்திரிக்கோலை எடுத்து க்ளெனிடம் கொடுத்தான்.

"திரும்பி நில்லு," என்றான் க்ளென். நின்றேன். மெதுவாக, கோணல்மாணலாக வெட்டினான். அடுப்புப் பக்கத்தில் இருந்ததால் கை சூடாக இருந்தது. முதுகில் பட்டது.

தேதியை ரே எழுதினான். அந்த மூன்றுக்கும் பக்கத்தில் க்ளென் என் துணியை வைத்து, ஆணியைத் தன் வலது கை விரல்களால் பிடித்துக்கொண்டு, சுத்தியலை என்னிடம் நீட்டினான்.

"கைய எடு, நான் பிடிச்சுக்கறேன்," என்றேன்.

"அடி," என்றான்.

ரொம்ப மெதுவாக அடித்தேன்.